கங்காருத் தோல் சாட்டையைச் சுத்தம் செய்வதும் பதமாக வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டூவூம்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஸ்டாக்விப் என்ற மாடு மேய்ப்பவர் சாட்டையைச் சொடுக்குகிறேன், ஐந்தாறு வருடமாகச் சின்ன அளவில் பின்னவும் செய்கிறேன். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழா, குதிரையில் தனியாளாக வந்த ஒருவர் சாட்டையைச் சொடுக்கியதில்தான் ஆரம்பித்தது. இந்த நாட்டில் அந்தச் சாட்டைக்கு அப்படி ஒரு இடம் உண்டு. மாட்டை அடிக்க அல்ல, காற்றில் எழும் சத்தத்தால் மந்தையைத் திருப்புவதற்கான கருவி இது.

வேளாண் கண்காட்சிகளில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். வாங்கிய மறுவாரம் எனக்குப் போன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

1. சாட்டை முழுக்கத் தோல்தானே? எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி எண்ணெய் போடலாமா?

போடக்கூடாது. ஸ்டாக்விப்புக்கு நான்கு பாகம். கைப்பிடிக்கு உள்ளே பிரம்போ இரும்புக் கம்பியோ இருக்கும், மேலே தோல் பின்னல். அதோடு கீப்பர் என்ற தோல் வளையங்களால் கோத்திருக்கும் நீளமான பின்னலுக்குத் தாங் என்று பெயர். தாங்கின் நுனியில் தொங்கும் ஒற்றை வார், ஃபால். ஃபாலின் நுனியில் முடிந்திருக்கும் முறுக்கு நூல், கிராக்கர். புல்விப் என்ற இன்னொரு வகைச் சாட்டை என்றால் கீப்பர் இருக்காது, கைப்பிடியும் பின்னலும் ஒரே உடம்பாக ஓடும்.

இந்த நான்குக்கும் பசி வேறு வேறு. ஃபால்தான் மண்ணிலும் புல்லிலும் அடி வாங்குகிறது, அதற்கு அடிக்கடி கொழுப்பு வேண்டும். கீப்பர் ஒவ்வொரு வீச்சிலும் மடங்கி உராய்கிறது, அதற்கு அவ்வப்போது. தாங்குக்கு எப்போதாவது. கைப்பிடிக்கு அநேகமாகத் தேவையே இல்லை, கையின் வியர்வையும் எண்ணெயும் போதும். கிராக்கர் வெறும் நைலான் நூல், அதற்கு எதுவும் வேண்டாம்.

2. புதுச் சாட்டை. முதல்ல ஒரு ராத்திரி எண்ணெய்ல ஊறப்போடணும்னு ஒருத்தர் சொன்னாரு. சரியா?

தயவுசெய்து செய்யாதீர்கள். சாட்டை பின்னுகிறவர்கள் ஒவ்வொரு வாருக்கும் பின்னல் சோப்பு என்ற ஒன்றைத் தடவிக்கொண்டேதான் பின்னுவார்கள். சோப்பையும் விலங்குக் கொழுப்பையும் தண்ணீரில் காய்ச்சி வைத்த களிம்பு அது. வார்கள் வழுக்கி இறுக்கமாக உட்கார அது வேண்டும். தாங்குக்கு உள்ளே ஒரு நடுத்தண்டும், அதைச் சுற்றி பெல்லி எனப்படும் இன்னொரு பின்னலும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே களிம்புதான். ஆக, புதுச் சாட்டை வயிறு நிரம்பித்தான் உங்கள் கைக்கு வருகிறது.

என் முதல் சாட்டை ஆறடி, எட்டு வார்ப் பின்னல். அதை வாங்கிய கடையில் சொன்னபடி ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் கறுத்துக் கனத்துக் கிடந்தது. இரண்டு மாதத்தில் வார்கள் நீண்டு பின்னல் நெகிழ்ந்துவிட்டது. ஊற்றிய எண்ணெயைத் திரும்ப எடுக்க வழியில்லை. இவ்வளவு வருடத்தில் நான் பார்த்த வரை, வறண்டு செத்த சாட்டைகளைவிட எண்ணெய் குடித்துச் செத்தவைதான் அதிகம்.

3. கொஞ்சம் அதிகமாப் போட்டா என்ன கெட்டுப்போகும்? தோலுக்கு எண்ணெய் நல்லதுதானே?

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் கூட்டம். அந்த நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்காமல் நழுவ ஓரளவு கொழுப்பு வேண்டும், அது உண்மை. அளவு மீறினால் அளவுக்கு மேல் நழுவும், வார் நீளும். கங்காருத் தோலின் சிறப்பே நார்கள் தோலின் மேற்பரப்புக்கு இணையாகப் படிந்திருப்பதுதான். அதனால்தான் மெல்லிய வாராக வெட்டினாலும் அறுவதில்லை, இழுத்துப் பின்னினால் இறுக்கம் நிற்கிறது. எண்ணெய் அந்த இறுக்கத்தைத்தான் முதலில் தின்னும்.

இன்னொன்று. கையசைவில் பிறக்கும் வேகம், மெலிந்துகொண்டே போகும் பின்னல் வழியாக ஓடி, நுனியில் ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறது. அது நொடிக்குச் சுமார் 340 மீட்டர். சொடுக்கு என்று நாம் கேட்பது அந்தத் தாண்டலின் அதிர்வலையைத்தான். எண்ணெய் குடித்துத் தொளதொளத்த சாட்டையில் அந்த ஓட்டம் பாதியில் அமுங்கிவிடும். மேலே பிசுபிசுப்பு இருந்தால் மணலும் ஒட்டும், ஒட்டிய மணல் உப்புக் காகிதம் மாதிரி வார்களின் விளிம்பை அறுக்கும்.

4. சரி, எதைத்தான் போடறது? வீட்ல தேங்காய் எண்ணெய் இருக்கு, நல்லெண்ணெய் இருக்கு.

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் பக்கக் குளிர்காலக் காலையில் பின்னலின் இடுக்கில் வெள்ளையாகக் கட்டி நிற்கும், கோடையில் உருகி உள்ளே இறங்கும். நல்லெண்ணெய் காற்றில் மெல்ல இறுகிப் பிசின் மாதிரி ஆகக்கூடிய வகை, நாளானால் சிக்கு வாடையும் வரும். ஆளிவிதை எண்ணெய் அதைவிட மோசம், அது வார்னிஷ் போலவே காயும். சமையல் எண்ணெய் எதையும் சாட்டைப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

குதிரைச் சாமான் விற்கும் கடைகளில், தேன்மெழுகும் லானோலின் என்ற ஆட்டு ரோம மெழுகும் கலந்து குழைவாக வரும் லெதர் டிரெஸ்ஸிங் கிடைக்கும். தாங்குக்கும் கீப்பருக்கும் அது போதும். திரவ எண்ணெய் சட்டென்று உள்ளே ஓடிவிடும், எவ்வளவு போயிற்று என்று தெரியாது. குழைவானது மேலேயே நின்று மெதுவாக இறங்கும், மிச்சத்தைத் துடைத்துவிடலாம். அளவு நம் கையில் இருக்கிறது என்பதால்தான் அதைச் சொல்கிறேன்.

5. நீட்ஸ்ஃபுட் எண்ணெய்னு எல்லா இடத்திலயும் சொல்றாங்களே, அது என்ன? மாட்டுல இருந்து எடுக்கறதா?

ஆமாம். நீட் என்பது மாட்டைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். மாட்டின் கீழ்க்கால் எலும்பையும் பாதத்தையும் காய்ச்சி எடுப்பது. குளிரிலும் உறையாது, தோலுக்குள் வேகமாக இறங்கும். குதிரைச் சேணத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருகிறார்கள். சாட்டையில் ரெட்ஹைடு என்னும் மாட்டுத்தோல் ஃபாலுக்கு ஓரிரு சொட்டு நல்லது. தாங்குக்கு நான் தொடுவதில்லை, காரணம் 2-ஆம் பதிலில் இருக்கிறது.

மாட்டுப் பொருளைக் கையாள மனம் ஒப்பாதவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து வடிப்பது, ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை. தேன்மெழுகும் அப்படியே. ஆனால் சாட்டையே தோல், ஃபால் பெரும்பாலும் மாட்டுத்தோல் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது உறுத்தினால் முழு நைலான் சாட்டைகள் உண்டு. அவற்றைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் வேலை முடிந்தது, இந்தப் பக்கத்தில் மீதி எதுவும் தேவைப்படாது.

6. எத்தனை நாளைக்கு ஒரு தடவை போடணும்?

வாரம் ஒருமுறை சொடுக்குகிறவர் என்றால் தாங்குக்கு வருடத்தில் ஒன்று அல்லது இரண்டு தடவை. லாங்ரீச் மாதிரி வறண்ட உள்நாட்டில் இருந்தால் இன்னும் ஒன்று. கடலோர ஈரக்காற்றில் இருந்தால் ஒன்றே போதும். ஃபாலுக்கு மட்டும் நாலைந்து நாள் சொடுக்கியதும் ஒரு தடவல்.

நாள்காட்டியைவிடக் கையை நம்புங்கள். தாங்கை இரண்டு விரலுக்கு நடுவில் வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பு மங்கி, சொரசொரவென்று, வளைவில் நிறம் வெளுத்தால் கேட்கிறது என்று அர்த்தம். விரலில் லேசான வழவழப்புத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

7. எப்படிப் போடறதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்களேன்.

முதலில் காய்ந்த பருத்தித் துணியால் கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கித் துடையுங்கள். எப்போதும் அந்தத் திசைதான். பின்னலின் பள்ளங்களில் தூசி இருந்தால் மிருதுவான பழைய டூத்பிரஷ் போதும். தூசியை எடுக்காமல் மெழுகு போட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவோம்.

அடுத்து டிரெஸ்ஸிங். ஆறடித் தாங்குக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு. உள்ளங்கைகளில் தேய்த்துச் சூடாக்கி, சாட்டையைக் கைக்குள் வைத்து உருவுங்கள். அந்தச் சூட்டிலேயே இறங்கும். தோல் மங்கலாக நனைந்த மாதிரி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். நீளமாக ஒரு இரவு தொங்கவிட்டு, காலையில் புதுத்துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் மெழுகு வந்தால் போட்டது அதிகம், அடுத்த முறை குறையுங்கள்.

ஃபாலுக்கு இவ்வளவு நிதானம் வேண்டாம். விரலில் எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்து, கையால் முன்னும் பின்னும் பிசைந்துவிட்டால் சரி.

8. சேறு, சாணி எல்லாம் ஒட்டிடுச்சு. குழாய்ல காட்டிக் கழுவிடவா?

சேற்றைக் காயவிட்டு உதிர்த்துப் பாருங்கள், பாதி வேலை பிரஷ்ஷிலேயே முடியும். மிச்சத்துக்கு ஈரத்துணி, அதுவும் பிழிந்த துணி. சாணி, மூத்திரம், கடற்கரை உப்பு மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அப்படியும் போகாவிட்டால் சேடில் சோப், அதாவது சேணத் தோலுக்கான சோப்பு. துணியை நனைத்துப் பிழிந்து, சோப்பில் தொட்டு, நுரை வரும் அளவுக்கு மட்டும் தேய்த்து, இன்னொரு ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிட வேண்டும். தோல் இயல்பில் லேசான அமிலத் தன்மை உள்ளது, சோப்பு காரம். அதனால் வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம், டெட்டால், குழந்தைகளைத் துடைக்கும் ஈரக் காகிதம் எதுவும் வேண்டவே வேண்டாம்.

9. மழையில முழுசா நனைஞ்சிடுச்சு. ஹேர் டிரையர் போட்டுக் காய வைக்கலாமா?

வேண்டாம். சாட்டைத் தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரி வெப்பம் பட்டாலே நார்கள் சுருங்கிக் கட்டையாகிவிடும், பிறகு எந்த எண்ணெயாலும் திரும்பாது. காய்ந்த தோல் தாங்குகிற சூட்டை ஈரத்தோல் தாங்காது. ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிடுவதும், வெயிலில் நிற்கும் காருக்குள் போடுவதும் இதே தவறுதான்.

துண்டால் ஒற்றி எடுத்து, நேராக நீட்டி, நிழலில் காற்றோட்டமாக விடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும், உள்பின்னல் காய நேரம் எடுக்கும். மேலே லேசான ஈரப்பதம் மிச்சமிருக்கும்போதே 7-இல் சொன்னதில் பாதி அளவு தடவினால், காய்கிறபோது விறைக்காது. முழுசாகக் காயும் வரை சொடுக்காதீர்கள், ஈர வார் இழுத்தால் நீளும்.

ஃபால் வெள்ளைத் தோலாக இருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அது படிகாரத்தில் பதனிட்டது. நன்றாக ஊறினால் படிகாரம் கரைந்து வெளியேறி, காய்ந்ததும் தகடு மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனால் புது ஃபால்தான்.

10. முன்ன மாதிரி சத்தம் வரல. காய்ஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன், எண்ணெய் போடட்டா?

முதலில் கிராக்கரைப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை அது பிய்ந்து பஞ்சாகி இருக்கும், அல்லது அறுந்தே போயிருக்கும். புதுசு முடிந்துவிட்டால் சத்தம் திரும்பி வரும். கிராக்கர் இல்லாமல் சொடுக்கினால் அடியெல்லாம் ஃபாலின் நுனிக்கு, அது நார் நாராகக் கிழியும்.

நுனி கிழிந்திருந்தால் கிழிந்த அளவு வெட்டிவிட்டு மறுபடி கிராக்கரை முடியலாம். இப்படி வெட்டி வெட்டி ஃபால் பழைய நீளத்தில் பாதிக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஃபாலும் கிராக்கரும் தேய்வதற்காகவே இருக்கின்றன, அவை தேய்வதால்தான் தாங் தப்பிக்கிறது. காங்கிரீட்டிலும் சரளையிலும் சொடுக்குகிறவர்களுக்கு இரண்டும் தாக்குப்பிடிக்காது. புல்தரையில் நின்று சொடுக்குங்கள், கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு.

11. சும்மா இருக்கும்போது எங்க, எப்படி வைக்கறது?

ஆணியில் மாட்டாதீர்கள். ஒரே இடத்தில் கூர்மையாக மடிந்து அங்கேயே முறியும். ஸ்டாக்விப் என்றால் உருண்டையான மர முளையில் கீப்பர் பக்கம் மாட்டி, தாங்கை நேராகத் தொங்கவிடலாம். புல்விப்பைப் பெரிய வளையமாகச் சுருட்டலாம். ஒவ்வொரு சாட்டைக்கும் தானாக வளைகிற ஒரு பக்கம் உண்டு, அதே பக்கமாகத்தான் சுருட்ட வேண்டும், சொடுக்குவதும் அந்த வளைவோடுதான்.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். பருத்தித் துணிப்பை நல்லது. வெயில் விழாத, காற்று ஓடுகிற அறை, ஈரப்பதம் 50 சதவீதம் அக்கம்பக்கம் இருந்தால் தோல் நிம்மதியாக இருக்கும். எலி, கரப்பான் வரும் ஷெட்டில் விட்டால் பின்னல் சோப்பில் இருக்கும் கொழுப்புக்காகவே கடிக்கும்.

12. பெட்டியைத் திறந்தா வெள்ளையா பூத்திருக்கு. பூஞ்சைன்னு துடைச்சுத் தூக்கிப் போட்டுடலாமா?

அவசரப்படாதீர்கள். இரண்டு வெள்ளை உண்டு. ஒன்று பூஞ்சை. மற்றொன்று, உள்ளே இருக்கும் கொழுப்பு குளிரில் மேலே வந்து பூத்து நிற்பது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு சின்ன இடத்தில் விரலை வைத்து அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். கொழுப்பானால் சூட்டில் உருகி மறையும், வாடை இருக்காது. பூஞ்சையானால் உருகாது, பொடியாகப் பரவும், மக்கிய வாடை வரும்.

கொழுப்பு பூத்ததற்குப் பயப்பட வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். சாட்டைக்குள் போதுமான கொழுப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வருடம் டிரெஸ்ஸிங் போடாதீர்கள்.

13. மக்கின வாடை வருது, பூஞ்சையேதான். இப்ப?

முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். அப்புறம் மருந்துக் கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் தொட்டு, பிழிந்து துடையுங்கள். சாயம் போகிறதா என்று கைப்பிடியின் அடியில் முதலில் சோதியுங்கள். சில பின்னல்காரர்கள் சாட்டைக்கு மேல் ஷெல்லாக் என்ற அரக்கு மெருகைப் பூசுவார்கள். ஷெல்லாக் ஆல்கஹாலில் கரையும். உங்களுடையது பளபளவென்று மெலிதான பூச்சோடு இருந்தால் ஆல்கஹாலை விட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள்.

இதெல்லாம் இன்றைய பூஞ்சையைத்தான் எடுக்கும். வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் மறுபடி வரும். சாட்டையை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்து வாடை அடங்கும் வரை எண்ணெய் போடாதீர்கள், அது பூஞ்சைக்குத் தீனி.

14. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நிறைய எண்ணெய் ஊத்திட்டேன். காப்பாத்த முடியுமா?

ஓரளவு முடியும். பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்து, தினமும் துணியை மாற்றுங்கள். ஒரு வாரம் துணி கறை பிடிக்கும், பிறகு குறையும். மேலே சோளமாவு தூவி ஒரு நாள் விட்டு பிரஷ் பண்ணலாம், ஆனால் மாவு பின்னல் இடுக்கில் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல், தின்னர் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அவை தேவையான கொழுப்பையும் சேர்த்து உறிஞ்சும்.

நீண்டுவிட்ட வார் குறுகாது. பின்னல் நெகிழ்ந்திருந்தால் பின்னல்காரரிடம் கொடுத்து மேற்பின்னலைப் பிரித்து மறுபடி இறுக்கிப் பின்னச் சொல்லலாம். நல்ல கங்காருத் தோல் என்றால் அந்தச் செலவு வீண் இல்லை.

15. பின்னல்ல ஒரு வார் அறுந்து துருத்திட்டு நிக்குது. ஃபெவிக்விக் போடவா?

கூடாது. அந்தப் பசை கல்லாக இறுகும், அதன் இரண்டு ஓரத்திலும் பக்கத்து வார்கள் மடிந்து அறுபடும். துருத்திய நுனியை ஊசியால் பின்னலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தச் சாட்டையைச் சொடுக்குவதை நிறுத்திவிட்டுப் பின்னல்காரரிடம் காட்டுங்கள். ஒரு வார் என்றால் பழுதுபார்க்கலாம். அப்படியே சொடுக்கிக்கொண்டிருந்தால் அது நாலாகும்.

16. ஊர்ல தாத்தாவோட வண்டிச் சாட்டை கிடைச்சது. மூங்கில் கம்பு, தோல் வாரு. தொட்டா கையில சிவப்பா பொடி ஒட்டுது. எண்ணெய் போட்டா சரியாகுமா?

ஆகாது. இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. அதற்குச் செம்பொடி நோய் என்று சொல்லலாம். மரப்பட்டையில் பதனிட்ட தோல், காற்றிலிருக்கும் கந்தக மாசைப் பல வருடம் உறிஞ்சி, உள்ளே அமிலம் ஏறி, நார்கள் அறுந்து பொடியாகும். நம் ஊரில் ஆவாரம் பட்டையில் பதனிடுவது வழக்கம். அந்த வகைத் துவர்ப்பில் இந்த நோய் சீக்கிரம் வரும், கடுக்காய் வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அறுந்த நாரை எண்ணெய் ஒட்டாது. கறுத்து, ஈரப்பொடியாகி, இன்னும் வேகமாக உதிரும்.

அதை வளைக்காதீர்கள், சொடுக்காதீர்கள். அருங்காட்சியகங்களில் ஹைட்ராக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்து மெல்லத் தடவி, பொடி உதிர்வதை நிறுத்துகிறார்கள். தோல் பழையபடி ஆகாது, இருக்கிற நிலையில் நிற்கும். அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். அதுவரை அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, நீளமாகக் கிடத்தி வையுங்கள். மாடு ஓட்டின கை பட்ட இடம் கம்பில் மெருகேறி இருக்கும், அதை மெழுகு போட்டுத் துடைத்து மறைக்க வேண்டாம்.

வாரில் சின்னச் சின்ன ஓட்டைகளும் மாவும் தெரிந்தால் அது வண்டு. காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரமாவது வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் தோலில் நீர்த்துளி கோக்காது.

17. லீவுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போய்த் திரும்பக் கொண்டு வரலாமா? ஏர்போர்ட்ல பிரச்சினை வருமா?

செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள் டிரெஸ்ஸிங் போடாதீர்கள், பெட்டிக்குள் துணியெல்லாம் கறையாகும். சென்னையில் காற்றின் ஈரம் எங்கள் ஊரைவிட அதிகம், அதனால் அங்கே பெட்டியிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிடுங்கள்.

திரும்பி வரும்போதுதான் கவனம். ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகையில் விலங்குத் தோல் பொருட்களையும், மாடு குதிரையோடு பயன்படுத்திய சாமான்களையும் பயணி அட்டையில் குறிப்பிட வேண்டும். ஊரில் மாமா வீட்டுத் தொழுவத்தில் ஒரு தடவை சொடுக்கிக் காட்டியிருந்தாலும் குறிப்பிடுங்கள். மண், சாணி, புல் விதை எதுவும் பின்னலில் இருக்கக் கூடாது, அதனால் 8-இல் சொன்னபடி ஊரிலேயே துடைத்து, முழுசாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். என் சாட்டையை அதிகாரி ஒருவர் விளக்குக்கு அடியில் பிடித்து, கீப்பர் இடுக்கையும் ஃபால் முடிச்சையும்தான் முதலில் பார்த்தார். நீங்களும் அந்த இரண்டு இடத்தையும் பிரஷ்ஷால் ஒருமுறை கூடுதலாகத் தேய்த்துவிடுங்கள்.